பண்டுத் தழை

செத்துக் கிடந்த அப்பாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுவதற்குப் பழைய வேட்டியின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வந்து குனிந்தாள் மலர். வலது காலில் கட்டைவிரல் இல்லை. நாலு வருடத்துக்கு முன்னே ஆஸ்பத்திரியில் எடுத்த விரல். எட்டு மாதமாக அந்தக் காலுக்குக் கட்டு மாற்றியவளே அவள்தான். ஆனாலும் சாவு வீட்டில் கை ஒரு வழியில் போகும், நினைப்பு இன்னொரு வழியில் போகும். துணியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கணுக்காலோடு கணுக்காலைச் சேர்த்து, இறுக்காமல், ஒரு முடிச்சுப் போட்டாள்.

காலை ஏழு மணிக்குள் போய்விட்டார் நாகையா. மலர் மைலோ கலக்கிக்கொண்டு வந்து “அப்பா” என்றபோது பதில் வரவில்லை. சத்தமில்லாமல் போவதும் வருவதும் அவருக்கு வழக்கம்தான். கேரித் தீவுத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் பண்டு வேலை. பண்டு என்றால், கடல் உள்ளே ஏறிவிடாமல் தோட்டத்தைச் சுற்றிப் போட்ட மண்கரை. தண்ணீர் ஏறும்போது மதகை அடைக்க வேண்டும், வற்றும்போது திறக்க வேண்டும், நண்டு குடைந்த ஓட்டைகளைத் தேடி மண் வைத்து மிதிக்க வேண்டும். அதில் வயது போனது. மனைவி இராஜம்மா போனபிறகு பண்டமாரானில் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். என்ன வேலை செய்தாய், எப்படிச் செய்தாய் என்று அவரை யாரும் உட்கார வைத்துக் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

எட்டரைக்குப் பெட்டி வந்தது. கொண்டுவந்த முகுந்தன் இந்தத் தொழிலில் பதினாறு வருடம் ஊறியவன். போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தவன், முகக்கவசத்தை மூக்கோடு அழுத்திக்கொண்டான். இனிப்பு நீர் வியாதி தின்ற கால். கட்டையும் மீறி மஞ்சளாகக் கசிந்து மெத்தையில் வட்டம் போட்டிருந்தது. வாடை கூடத்தைத் தாண்டி வாசல் கேட் வரை வந்துவிட்டது.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க,” என்றான் மெதுவாக. “இப்பவே இப்படி இருக்கு. வெயில் ஏறுனா உள்ள ஒரு ஆளு உக்கார முடியாது. பொட்டிய மூடி சீல் பண்ணிடலாம். மேல கண்ணாடி இருக்கு, மூஞ்சி தெரியும்.”

“அப்ப வாய்க்கரிசி?”

“கண்ணாடி மேல தூவிடுவாங்க. இப்பல்லாம் அப்படித்தான் செய்றாங்க லா.”

மலர் பெட்டியின் மூடியைப் பார்த்தாள். முகத்துக்கு நேராக ஒரு முழம் கண்ணாடி. அதன்மேல் அரிசி விழுந்தால் என்ன சத்தம் கேட்கும் என்று நினைத்துப் பார்த்தாள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு வருடமாக அப்பா எந்த விசேஷத்துக்கும் போனதில்லை. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு வற்புறுத்தி அழைத்துப் போனார்கள். மண்டபத்துக்குள் வரமாட்டேன் என்று வெளியே நிறுத்திய காடியிலேயே உட்கார்ந்துகொண்டார். மலரின் கணவன் லோகன் தட்டில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தான். தீபாவளிக்கு வீட்டில் ஆட்கள் வந்தால், வெளியே கேட் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துத் திருப்பி வைத்துக்கொண்டு உட்காருவார். வருகிறவர்கள் எட்டி நின்று, “நல்லா இருக்கீங்களா” என்று கேட்டுவிட்டு உள்ளே போவார்கள். உயிரோடு இருந்தவருக்கும் இவர்களுக்கும் நடுவில் இரண்டு வருடம் பத்தடி இருந்தது. செத்த பிறகும் கண்ணாடியா?

“ஒரு மணி வரைக்கும் பொறுங்க தம்பி,” என்றாள். “நான் அவரக் குளிப்பாட்டணும்.”

“டெட்டால் போட்டு நாங்களே தொடச்சிடுவோம் அக்கா.”

“டெட்டாலுக்குப் போற வாடையா இது? எனக்குத் தழை வேணும்.”

வாய் அப்படிச் சொன்னபிறகுதான் எந்தத் தழை என்று மலருக்கே தெளிந்தது. அப்பா அதைப் பண்டுத் தழை என்பார். வேறு பெயர் அவளுக்குத் தெரியாது. அது பின்கட்டில் இருந்தவரை இந்த வாடை வீட்டில் இருந்ததில்லை.

லோகன் போலீஸ் ஸ்டேஷனில் எரிப்பதற்கான பெர்மிட் எடுத்துக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் மாறியது.

“பொணத்தப் போட்டுட்டு மக எங்க போனான்னு கேட்டா, எல பறிக்கப் போனான்னு சொல்லவா?”

“சொல்லுங்க.”

“ஒன் தம்பி யுகேந்திரன் நாலு மணிக்கு வந்துருவான். அஞ்சரைக்கு சிம்பாங் லீமா மின்சுடலையில டைம் குடுத்துருக்காங்க. ஒரு நாள் பொழுதுல என்னடி இதெல்லாம்?”

“அவன் பிந்துலுவுலேர்ந்து ஏரோப்ளேன் ஏறி வரானே, கண்ணாடியத் தொட்டுப் பாக்கவா வரான்?”

லோகன் விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கப் போனான். அவன் சம்மதம் அப்படித்தான் இருக்கும்.

வாசலில் யுகேந்திரன் மனைவி சந்திரகலா நின்றுகொண்டிருந்தாள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கண் கிளினிக்கில் வேலை. செய்தி கேட்டதும் காடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஆனால் ஒரு மணி நேரமாகக் கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. முகத்தில் இரண்டு முகக்கவசம்.

“கலா, காடிய எடு. கேரித் தீவுக்குப் போவணும்.”

“இப்பவா அண்ணி?”

“செத்தவரு நாளைக்கா இருக்கப் போறாரு?”

பந்திங் ரோட்டில் கொள்கலன் லோரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கலா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டினாள். கொஞ்ச தூரம் போனதும் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அண்ணி, பார்மசில நல்ல ஸ்ப்ரே இருக்கு. லவண்டர். அது அடிச்சா...”

“அவரு மனுஷன் கலா. கக்கூஸ் இல்ல.”

கலா ரோட்டைப் பார்த்து ஓட்டினாள். மலருக்கே பாவமாகிவிட்டது. பிறந்ததிலிருந்து மாடி வீட்டில் வளர்ந்த பெண். மாமனார் மேல் அவளுக்கு வெறுப்பு ஒன்றுமில்லை. வாடை ஆகாது, அவ்வளவுதான்.

“நான் ஒரு தப்பு செஞ்சிட்டேன்,” என்று மலர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். சொல்லிவிட்டால் போதும் போலிருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அது. கிளினிக்கில் கட்டைப் பிரித்த நர்ஸ் மிஸி, துணியில் காய்ந்த இலைத்துணுக்கு ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டாள். “அங்கிள், எலைய வச்சிக் கட்டுறீங்களா? மிச்ச காலும் போகணுமா?” என்று நாலு பேர் முன்னால் அதட்டினாள். அப்பா காலை உள்ளுக்கு இழுத்துக்கொண்டார். மலருக்கு முகம் சுருங்கிப்போனது. வீட்டுக்கு வந்த சூட்டோடு பின்கட்டுக்குப் போனாள். அங்கே ஒரு பெயிண்ட் டின்னில் அப்பா அந்தச் செடியை வைத்திருந்தார். வேரோடு பிடுங்கினாள். கோணிப்பையில் காயவைத்திருந்த தழையையும் சேர்த்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். அப்பா படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன சொன்னாரு?” என்றாள் கலா.

“‘டின்ன தூக்கிப் போடாத, நல்ல டின்னு’ன்னாரு.”

லங்காட் ஆற்றுப் பாலத்தில் காடி ஏறி இறங்கியது. அதன்பிறகு இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனைதான். வரிசை மாறாமல், முடிவில்லாமல் செம்பனை.

மலர் பதினான்கு வயதில் இங்கிருந்து போனவள். பள்ளிக்கூடத்துக்காக அத்தை வீட்டில் விட்டார்கள். அதன்பிறகு வந்ததெல்லாம் வீட்டுக்கு வந்து வீட்டோடு திரும்பியதுதான். பண்டுப் பக்கம் பெண்பிள்ளைகள் போகக்கூடாது, முதலை கிடக்கும் என்று அம்மா விட்டதில்லை. பாதை அவளுக்குத் தெரியவில்லை. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த பழைய லயத்தில் பாதி இடிந்துகிடந்தது. மீதியில் வங்காளதேசத்து ஆட்கள் சட்டை காயப்போட்டிருந்தார்கள். மண் ரோட்டின் கடைசியில் பூர்வகுடி ஓராங் அஸ்லி மக்களின் கம்பம், சின்னக் கிராமம். முதல் வீட்டின் முன்னே, அறுபது வயதிருக்கும், ஒரு பெண் விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

மலர் தெரிந்த மலாயில் கேட்டாள். பண்டு மேலே வளரும் செடி, சாம்பல் பச்சை இலை, ஓரத்தில் பல்லு இருக்கும், கசக்கினால் காரமாக வாடை வரும்.

“பெலுந்தாஸ்,” என்றாள் அந்தப் பெண். கோடரியைக் கீழே வைக்கவில்லை. “யாருக்கு?”

“எங்கப்பாவுக்கு. நாகையா. இங்க பண்டுல...”

“அபாங் நாகா? நாகா அண்ணனா?” கோடரி இறங்கியது. “அவரு மக நீயா? ஏன் அவரு வரல?”

மலர் ஒரு அடி கிட்டப் போனாள். “பாப்பா சூடா தாடா, கக்,” என்றாள். அப்பா இல்லை என்பதற்கு அவளிடம் அவ்வளவுதான் மலாய் இருந்தது.

அந்தப் பெண்ணின் பெயர் மினா. உள்ளே போய் ஒரு நார்க்கூடையை எடுத்துக்கொண்டு வந்து முன்னால் நடந்தாள். இரண்டு பேரும் பின்னால் போனார்கள். செம்பனைக்கு நடுவே வாய்க்கால் ஓரமாக நடந்து, ஒரு பனை உயரத்தில் பாதி இருக்கும் மண்மேட்டில், புல்லைப் பிடித்து ஏறினார்கள். கலாவின் சிலிப்பர் வழுக்கியது. மினா திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி அவளைத் தூக்கிவிட்டாள்.

மேலே ஏறியதும் மலர் அப்படியே நின்றுவிட்டாள்.

தண்ணீர் ஏறி நின்ற நேரம். ஒரு பக்கம் கடல், கரையின் விளிம்புக்கு நாலு அடி கீழே, அலையில்லாமல், தளும்பத் தளும்ப நின்றது. சதுப்பு மரங்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன. இன்னொரு பக்கம் செம்பனைத் தூர்கள், வாய்க்கால், அதற்கப்பால் அவள் பிறந்த லயத்தின் தகரக் கூரை. எல்லாம் பள்ளத்தில் இருந்தன. அவள் கடலைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், மறுபடி கடலைப் பார்த்தாள். கண் பொய் சொல்கிறதா என்று சந்தேகமாக இருந்தது.

கலாவுக்குத்தான் முதலில் வாய் வந்தது. “அண்ணி, கடலு மேல இருக்கு. வீடெல்லாம் கீழ இருக்கு.”

ஆமாம். பதினான்கு வருடம் அவள் பாய் விரித்துப் படுத்தது கடலுக்குக் கீழே. அம்மா சோறு பொங்கியது, யுகேந்திரன் தவழ்ந்தது, முந்நூறு குடும்பம் பெற்று வளர்த்துச் செத்தது எல்லாம் இந்தத் தண்ணீருக்குக் கீழே. நடுவில் ஒரு மண்மேடு. அதன்மேல் ஒரு மண்வெட்டியும் ஒரு மனுஷனும். அந்த மனுஷன் சாயங்காலம் வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டு, “இன்னிக்கு என்ன குழம்பு?” என்று மட்டும் கேட்டிருக்கிறான். கோயிலில் கர்ப்பகிருகத்துக்கு முன்னால்கூட அவள் இப்படி நின்றதில்லை.

மினா நடந்துகொண்டே இருந்தாள். அவள் காலுக்குக் கீழே கரை முழுக்கச் செடி. அது வெறும் களை என்று மலர் மிதிக்கப் போனபோது, “அத மிதிக்காத, ஜெல்லிமீன் சுட்டா அதத்தான் அரைச்சுப் பூசுறோம்,” என்றாள் மினா. ஆட்டுக் குளம்பு போல் பிளந்த இலையோடு ஒரு கொடி, ஊதாப் பூவை விரித்துக்கொண்டு படர்ந்துகிடந்தது. கொஞ்சம் தள்ளித் தண்ணீர் ஓரத்தில் முள் இலையோடு ஒரு புதர். அதைப் பார்த்ததும் மலரின் கை தானாக அக்குளுக்குப் போனது. எட்டு வயதில் அங்கே வந்த கட்டிக்கு அம்மா இந்த முள்ளிலையைத்தான் முள் நீக்கி, இடித்து, சுடச்சுட வைத்துக் கட்டினாள். கட்டி உடைந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. அம்மாவின் கைவைத்தியம் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தாள். இதைச் சேற்றில் இறங்கி யார் பறித்து வந்திருப்பார் என்று அவள் யோசித்ததேயில்லை.

உப்பைக் குடித்து உயிர் வாழ்கிற செடிகள். நல்ல தண்ணீர் ஒரு சொட்டு இல்லாத இடத்தில் நின்றுகொண்டு, ஒன்று சூட்டை எடுக்கிறது, ஒன்று சீழை எடுக்கிறது. இதெல்லாம் யாருக்கும் தெரியாமல், யாரும் கேட்காமல், இங்கே நடந்துகொண்டே இருந்திருக்கிறது.

பெலுந்தாஸ் மதகுக்குப் பக்கத்தில் இடுப்பளவு அடர்ந்து நின்றது. மினா குனிந்து கொழுந்துக் கிளையைப் பிடித்தவள், விட்டுவிட்டாள். அடிக்கிளைக்குக் கையைக் கொண்டுபோனாள்.

“இருக்கறவங்களுக்குக் கொழுந்து. போனவங்களுக்கு முத்தல்,” என்றாள். கத்தி எடுக்கவில்லை. இலை இலையாக, காம்போடு, கீழ்நோக்கி இழுத்துப் பறித்தாள்.

மலரும் பறித்தாள். விரலில் காரமான வாடை ஏறியது. அப்பாவின் வேலைச்சட்டை வாடை.

“மாசத்துக்கு ரெண்டு தடவ வருவாரு,” என்று மினா பறித்துக்கொண்டே சொன்னாள். “மோட்டார்சைக்கிள்ல. இங்கயே தகர டின்னுல கொதிக்கவச்சி, ஒடம்பெல்லாம் ஊத்திக் குளிப்பாரு. சட்டைய அலசுவாரு, காலுல கட்டுற துணிய அலசுவாரு. காய்ற வரைக்கும் கைலியோட அந்த மதகு மேல உக்காந்து எங்கிட்ட வம்பளப்பாரு. எம் புருஷன் கேலி செய்வான், ‘பொண்ணு பாக்கப் போறியா அபாங்’னு. ‘மக வீட்டுல பொறந்தநாளு, பக்கத்துல உக்காந்து கேக்கு வெட்டணும்’பாரு.”

“புண்ணுல வச்சிக் கட்ட மாட்டாரா?”

“புண்ணுக்கு இது ஆவாது. அது அவருக்கே தெரியும், ஆஸ்பத்திரி மருந்துதான் போடுவாரு. இது பக்கத்துல இருக்கறவங்களுக்காக.” ஒரு கைப்பிடியைக் கூடையில் போட்டாள். “அப்புறம் மோட்டார கிக் ஒதைக்க கால் இல்லன்னாரு. ஒரு நாத்து எடுத்துட்டுப் போனாரே, டின்னுல வச்சேன், தழைஞ்சி வருதுன்னு போன்ல சொன்னாரே. நல்லா வந்துச்சா?”

கலா மலரைப் பார்த்தாள். மலர் ஒரு கிளையைப் பிடித்தபடி நின்றாள். பொய் சொல்லலாம். காய்ந்துபோய்விட்டது என்று சொன்னால் முடிந்தது.

“நல்லா வந்துச்சி. நான் புடுங்கிப் போட்டுட்டேன்.”

மினாவின் கை நின்றது. அவள் மலரின் முகத்தைப் பார்த்தாள். கூடையை மலர் பக்கம் தள்ளி வைத்தாள்.

“இன்னும் பறி. ஒடம்பு முழுசுக்கும் வேணும்,” என்றாள்.

வீடு வந்து சேரும்போது பன்னிரண்டேகால். லோகன் பின்கட்டில் கேஸ் அடுப்பை வைத்து, பொங்கலுக்கு எடுக்கும் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்திருந்தான். யாரும் அவனிடம் சொல்லவில்லை. தழையை அதில் அமுக்கினாள் மலர். தண்ணீர் முதலில் பச்சையானது, பிறகு தேத்தண்ணி நிறத்துக்கு இறங்கியது. ஆவி சுவரைப் பிடித்து ஏறி வீட்டுக்குள் நுழைந்தது.

முகுந்தன் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். “அக்கா, எலைத் தண்ணிக்கு இது அடங்குமான்னு தெரியல.”

“அடங்கலன்னா மூடு தம்பி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

ஆண்பிள்ளைகள் உடம்பைக் குளிப்பாட்டினார்கள். லோகன் தலையில் ஊற்றினான். முகுந்தன் முதுகைத் தாங்கிப் பிடித்தான். காலை மட்டும் மலர் யாரையும் தொட விடவில்லை. முக்காலி போட்டு உட்கார்ந்து, கட்டைப் பிரித்து, கையுறை இல்லாமல் அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். எட்டு மாதமும் அவள் கட்டு மாற்றும்போது அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, புண்ணை மட்டும் பார்த்து, சீக்கிரம் முடித்துவிடுவாள். இன்றைக்குத்தான் காலைப் பார்த்தாள்.

புண் என்பது அந்தக் காலில் ஒரு கை அகலம்தான். மற்றதெல்லாம் பண்டு. உப்புச்சேற்றில் ஊறி ஊறிப் பாதம் மரப்பட்டை மாதிரி வரி வரியாக வெடித்திருந்தது. சிப்பி கீறிய வெள்ளைக் கோடுகள், ஒன்றின்மேல் ஒன்றாக, எண்ண முடியவில்லை. குதிகாலில் கெளுத்தி மீனோ என்னவோ குத்திய குழி. சுண்டுவிரலில் நகமே இல்லாமல் மூடிப்போன தோல். மண்ணை மிதித்து மிதித்து உள்ளங்கால் பலகையாகத் தட்டையாகியிருந்தது. இந்தக் காலால்தான் மிதித்திருக்கிறார். அந்தக் கரை முழுவதையும். மலர் துணியைத் தழைத் தண்ணீரில் நனைத்து, விரல் இடுக்கு ஒவ்வொன்றாக, சின்னப்பிள்ளைக்குக் கழுவுகிற மாதிரி கழுவினாள். கட்டைவிரல் இருந்த இடத்தையும் கழுவினாள்.

புண்ணை ஆஸ்பத்திரித் துணியால் சுற்றி, அதற்கு மேலே தழையை அடுக்கி, வெள்ளைத் துணியால் கட்டினாள். பெட்டியின் அடியிலும் தழை பரப்பினார்கள். நெற்றியில் திருநீறு பூசி, புதுவேட்டி உடுத்திப் படுக்க வைத்தபோது மணி ஒன்று தாண்டிவிட்டது.

முகுந்தன் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். முகக்கவசத்தைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பார்த்தான். முழுசாக இறக்கினான். நாற்றம் அடியோடு போய்விட்டது என்று சொல்ல முடியாது. குனிந்து மூக்கை வைத்தால் இருந்தது. ஆனால் வீட்டை அது விட்டுவிட்டது. வீட்டில் இப்போது இருந்தது உப்பும் காரமும் பச்சையும் கலந்த வேறொரு வாடை.

அவன் மூடியைக் கொண்டுபோய்ச் சுவரில் சாத்திவிட்டுத் திரும்பினான். “வாய்க்கரிசிக்கு அரிசி ஊறவச்சாச்சா அக்கா?” என்றான்.

இரண்டு மணியிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பழைய தோட்டத்து ஆட்கள் ஒரு வேன் பிடித்து வந்தார்கள். முதலில் இறங்கிய சிவகாமி அத்தை, லயத்தில் அடுத்த வீட்டுக்காரி, கைக்குட்டையை மூக்குக்குப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டுதான் படியேறினாள். கூடத்துக்குள் வந்தவள் நின்றாள். கைக்குட்டையை இடுப்பில் செருகினாள்.

“பண்டுத் தழைடி,” என்றாள் பின்னால் வந்தவளிடம். நேரே போய்க் கால்மாட்டில் உட்கார்ந்தாள். வெள்ளைத் துணிக் கட்டின்மேல் கையை வைத்தாள். அப்புறம்தான் அழுதாள்.

அவள் உட்கார்ந்ததைப் பார்த்து மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். பாய் போதவில்லை. அழுகை ஒரு சுற்று வந்து ஓய்ந்தது. ஓய்ந்த இடத்தில் பேச்சு தொடங்கியது.

“ஒரு தடவ தண்ணி ஏறி வந்துட்டுது, ஞாபகம் இருக்கா? ஒந் தலதீவாளி நேரம்.”

“எப்படி மறப்பேன். இந்த மனுஷன் மதகுல படுத்துக்கிட்டு அடைச்சாரே. குடிச்சிட்டு விழுந்துட்டாருன்னுல்ல நான் வைஞ்சேன்.”

“குடிச்சிட்டும்தான் இருந்தாரு.”

சிரிப்பு எழுந்தது. அழுகிற சத்தத்தோடு கலந்து எது எது என்று தெரியாமல் போனது. மலர் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கதையை அவள் இதுவரை கேட்டதில்லை.

கலா வாசற்படியில் நின்றவள் எப்போது உள்ளே வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே வந்து, தட்டைக் கீழே வைத்துவிட்டு, சிவகாமி அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் முகக்கவசம் இல்லை.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது யுகேந்திரன் வந்தான். தோளில் பையோடு சிலிப்பர் குவியலைத் தாண்டி உள்ளே வந்தான். பெட்டியைச் சுற்றித் தலைமாடு, கால்மாடு, இரண்டு பக்கமும் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பெட்டி விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அப்பாவின் கையை யாரோ பிடித்திருந்தார்கள். யுகேந்திரன் கால் வைக்க இடம் தேடினான். கிடைக்கவில்லை.

“அக்கா,” என்றான்.

மலர் கால்மாட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். “வா. உக்காரு.”

எங்கே உட்காருவது என்று அவனுக்குத் தெரியவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றான்.

“கொஞ்சம் நவுருங்க, மகன் வந்துருக்கான்,” என்றான் லோகன்.

“இருப்பா, இத முடிச்சிடறேன்,” என்றாள் சிவகாமி அத்தை, திரும்பாமலே. அவள் கதையில் அப்போதுதான் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

கலா முழங்காலை மடக்கி, புடவையை ஒதுக்கி, அத்தையின் இடுப்போடு ஒட்டி உட்கார்ந்தாள். சிமெண்டுத் தரையில், ஒரு ஆள் ஒருக்களித்து உட்காருகிற அளவுக்கு இடம் விழுந்தது.